சத்தம் வேறு, தெளிவு வேறு

வெள்ளச் செய்தி

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அது பல தலைமுறைக்கு முந்திய கதை. இன்று பலர் இட்லி வியாபாரம் செய்கிறார்கள். விடியற்காலையில் இட்லி அவிப்பார்கள். பாத்திரத்தில் அடுக்குவார்கள். சைக்கிளில் கொண்டுபோய் நகரத்துத் தெருக்களில் விற்பார்கள்.

முருகேசனும் இட்லி வியாபாரிதான். அவர் மனைவி செல்லத்தாய். மகள் வள்ளி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். முருகேசனின் அம்மா மூக்கம்மாள். அவருக்கு எழுபது வயது ஆகிறது. நான்கு பேருக்கும் ஒரே அறை. அகலம் 10 அடி, நீளம் 12 அடி. மேலே தகரக் கூரை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆறும் குளமும் உடைத்துக்கொண்டு ஓடின. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு ரயில் பயணிகளோடு சிக்கி நின்றது.

மூக்கம்மாளின் மகளை ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போன் போட்டால் போகவில்லை. டிவி செய்தி ஒன்றுதான் வழி.

டிவி தகர அலமாரியின் மேல் இருந்தது. மூக்கம்மாள் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தது கிரைண்டர். செய்தி வாசிப்பவர் ஸ்ரீவைகுண்டம் என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சொன்னது விளங்கவில்லை.

"சத்தமா வை தாயி" என்றார் மூக்கம்மாள்.

வள்ளி சத்தத்தைக் கூட்டினாள். 20-ல் இருந்தது 60 ஆயிற்று. அலமாரியில் இருந்த டம்ளர்கள் கிணுகிணு என்று ஆடின. தகரம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு சவிதா தாய் சுவரைத் தட்டினார். அவர் வீட்டில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"மீட்டாங்கன்னு சொன்னானா, விட்டாங்கன்னு சொன்னானா?" என்று கேட்டார் மூக்கம்மாள். யாருக்கும் தெரியவில்லை. அவர் அழுதுவிட்டார்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. காதால கேட்டுத்தான் உலகம் தெரியணும். அதுவும் போச்சே" என்றார்.

மறுநாள் மதியம் போன் வந்தது. மகளும் பேரப் பிள்ளைகளும் பள்ளிக்கூட மாடியில் பத்திரமாக இருந்தார்கள். எல்லாருக்கும் உயிர் வந்தது. ஆனால் அன்று இரவு பட்ட பாட்டை முருகேசன் மறக்கவில்லை.

தவணைக்கு ஒரு பெட்டி

சில நாள் கழித்து முருகேசன் ஒரு துண்டுத்தாளோடு வந்தார்.

"செல்லத்தாயி, கடையில ஒரு ஸ்பீக்கர் செட் பார்த்தேன். 5,000 வாட்டாம். விலை 9,000 ரூபாய். இப்ப 2,000 கட்டினா போதும். அப்புறம் மாசம் 850 ரூபாய். பத்து மாசம்."

"பணத்துக்கு எங்க போக?"

"குழுவுல போட்ட பணம் இருக்குல்ல?"

செல்லத்தாய் சேமிப்புக் குழுவில் 10,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அது வள்ளியைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வைத்த பணம். புத்தகம், கட்டணம், சீருடை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

"ஏங்க, அது பிள்ளை படிப்புக்கு வச்சது."

"எங்கம்மா அழுததை நீயும் பார்த்தியே!"

செல்லத்தாய்க்குப் பதில் சொல்ல வரவில்லை. அத்தை அழுததும் உண்மை. மகள் படிப்பும் உண்மை. அவர் சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. முதியோர் வகுப்பில்தான் எழுதப் படிக்கக் கற்றார். கணக்கும் அங்கேதான் கற்றார். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

850 × 10 = 8,500 ரூபாய்.
முன்பணம் 2,000 ரூபாய்.
மொத்தம் 10,500 ரூபாய்.

"9,000 ரூபாய் பெட்டிக்கு நாம 10,500 கட்டணும். 1,500 ரூபாய் கூடுதல். எதுக்கும் பெட்டியை ஒரு தடவை பார்த்துட்டு வருவோம்" என்றார்.

பெட்டியின் பின்னால் இருந்த எழுத்து

மூவரும் கடைக்குப் போனார்கள். பெட்டியின் முன்பக்கம் வண்ண விளக்குகள் மினுங்கின. அட்டையில் 5,000 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தது. செல்லத்தாய் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் 230 வோல்ட், 60 வாட் என்று இருந்தது. வள்ளி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

வரும் வழியில் தாஸ் அண்ணாச்சி கடை. அவர் முப்பது வருஷமாக ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கிறார். வள்ளி படத்தைக் காட்டினாள்.

"முன்னால 5,000 வாட். பின்னால 60 வாட். எது நிஜம் அண்ணாச்சி?" என்று கேட்டார் செல்லத்தாய்.

அண்ணாச்சி சிரித்தார்.

"நீ ஒரு படி மாவு ஊத்தினா எண்பது படி இட்லி எடுப்பியாம்மா?"

"அது எப்படி முடியும்?"

"அதே கணக்குதான். இந்தப் பெட்டி கரண்டிலிருந்து எடுக்கிறது 60 வாட். அதுக்கு மேல தொடர்ந்து கொடுக்க முடியாது. பி.எம்.பி.ஓ.ங்கிறது கண் சிமிட்டுற நேரத்துக்குச் சொல்ற கணக்கு. அதை இப்படித்தான் அளக்கணும்னு பொது விதி எதுவும் கிடையாது. அதனால எண்ணைப் பெரிசாப் போட்டுக்கலாம். ஆர்.எம்.எஸ்.னு போட்டிருந்தா அது தொடர்ந்து கிடைக்கிற வாட். வாங்குறவங்க அந்த எண்ணைத்தான் கேட்கணும்."

முருகேசன், "எப்படியும் வாட் கூடினா நல்லாக் கேட்கும்தானே?" என்றார்.

"வாட் ரெண்டு மடங்கு ஆனா சத்தம் கொஞ்சம்தான் கூடும் தம்பி. காதுக்கு ரெண்டு மடங்காத் தெரியணும்னா வாட் சுமார் பத்து மடங்கு வேணும். ஒரு அறையில பேச்சுக் கேட்க ஒண்ணு ரெண்டு வாட் போதும். அம்மாவுக்குச் சத்தம் கேட்கலையா, சொல்லு விளங்கலையா? அதை முதல்ல சொல்லு."

முருகேசன் யோசித்தார். "சத்தம் கேட்குது அண்ணாச்சி. சொல்லுதான் விளங்கலை."

"அப்போ உங்களுக்கு வேண்டியது தெளிவு. சத்தம் வேற, தெளிவு வேற. பெட்டி வாங்குறதை ஒரு வாரம் தள்ளிப் போடு. நாளைக்கு நான் வீட்டுக்கு வர்றேன்."

காசில்லாமல் செய்த ஐந்து காரியம்

மறுநாள் மாலை அண்ணாச்சி வந்தார். எந்தக் கருவியையும் வெளியே எடுக்கவில்லை. அறையின் நடுவில் நின்று கையைத் தட்டினார். தட்டிய ஓசை தகரத்திலும் வெறுஞ்சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு டிவியைப் போடச் சொன்னார். வாசல் பக்கம் மூக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தார்.

முதல் காரியம் கிரைண்டர். செய்தி நேரத்தில்தான் மாவு அரைத்தார்கள். இரண்டு ஓசை சேர்ந்தால் காது பிரித்து எடுக்கத் திணறும். வயதானவர்கள் காது இன்னும் திணறும். "மாவை ஏழு மணிக்குள்ள அரைச்சிடு. டிவியைக் கூட்ட வேண்டாம், கிரைண்டரை நிறுத்தினாலே போதும்" என்றார். செல்லத்தாய் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது காரியம் டிவியின் இடம். பழைய பெட்டி டிவியில் ஸ்பீக்கர் பெரிதாக இருந்தது. பல பெட்டிகளில் அது முன்பக்கம் பார்த்து இருந்தது. இன்றைய தட்டை டிவியில் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. சின்ன ஸ்பீக்கரைக் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ வைக்கிறார்கள். ஓசை நேராக நம்மிடம் வருவதில்லை. முருகேசன் வீட்டில் டிவிக்கு அடியில் தடித்த பூத்துணி விரித்திருந்தார்கள். கீழே போகும் ஓசையை அந்தத் துணி குடித்துவிட்டது. அண்ணாச்சி துணியை எடுத்துவிட்டு ஒரு பலகையை வைத்தார். பலகையில் பட்ட ஓசை முன்னால் வந்தது.

மூன்றாவது காரியம் அதிர்வு. டம்ளர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பிய்ந்த ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டிப் பலகையின் நான்கு மூலைக்கும் அடியில் வைத்தார்கள். தகரம் ஆடுவது நின்றது.

நான்காவது காரியம் அறை. வெறுஞ்சுவர், தகரம், தரை எல்லாம் ஓசையைத் திருப்பி அனுப்பும். முதலில் சொன்ன சொல் திரும்பி வரும்போது அடுத்த சொல் அதன் மேல் விழும். இரண்டும் குழம்பும். மெத்தென்ற பொருள் ஓசையைக் குடிக்கும். டிவிக்கு எதிர்ச் சுவரில் ஒரு பழைய கம்பளியை மடித்துத் தொங்கவிட்டார்கள். தரையில் ஜமுக்காளம் விரித்தார்கள். அண்ணாச்சி மறுபடி கையைத் தட்டினார். முன்போல் ஓசை திரும்பவில்லை.

ஐந்தாவது காரியம் டிவியின் உள்ளே இருந்தது. ரிமோட்டில் ஒலி அமைப்பு என்று ஒரு பகுதி உண்டு. பாட்டு, சினிமா, பேச்சு என்று அதில் வகை இருக்கும். அது சினிமாவில் இருந்தது. வள்ளி பேச்சுக்கு மாற்றினாள். பேஸ் என்பது தடித்த ஓசை. அதைக் குறைத்தாள். ட்ரெபிள் என்பது மெல்லிய ஓசை. அதைச் சிறிது கூட்டினாள்.

"ஏன் அப்படி மாமா?" என்று கேட்டாள்.

"பால், கால், சால். மூணும் ஒரே மாதிரிச் சொல்லு. முதல் எழுத்துத்தான் வித்தியாசம். ப, க, ச மாதிரி எழுத்தை மெல்லிய ஓசைதான் காட்டிக் கொடுக்கும். தடித்த ஓசை அதை மூடிடும். மூடினா ஆள் பேசுறது கேட்கும், என்ன பேசுறார்னு தெரியாது."

டிவியில் செய்தி ஓடியது. சத்தம் 25-ல் இருந்தது. மூக்கம்மாள் கவனித்துக் கேட்டார். "பாதி விளங்குது" என்றார்.

இதுவரை செலவு ஒன்றும் இல்லை.

பரணில் கிடந்த ஸ்பீக்கர்

"மீதிப் பாதிக்கு என்ன வழி?" என்று கேட்டார் முருகேசன்.

"ஸ்பீக்கரை அம்மா பக்கத்துல கொண்டுபோகணும். வீட்ல பழைய ஸ்பீக்கர் ஏதாவது கிடக்கா?"

பரணில் பழைய டேப்ரிக்கார்டர் செட்டின் இரண்டு ஸ்பீக்கர்கள் கிடந்தன. மழை ஒழுகி அவற்றின் மரப்பெட்டிகள் ஊறி வெடித்திருந்தன. அண்ணாச்சி பெட்டியை உடைத்து ஸ்பீக்கரை வெளியே எடுத்தார். நடுவில் இருக்கும் காகிதக் கூம்பை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். தடையில்லாமல் உள்ளே போய் வந்தது. உரசல் ஓசை இல்லை. ஒரு கூம்பில் மட்டும் சின்னக் கிழிசல். மெல்லிய தாளைப் பசை தடவி அதன் மேல் ஒட்டினார்.

"ஸ்பீக்கர் நல்லா இருக்கு. பெட்டிதான் வேணும்" என்றார்.

"பெட்டி எதுக்கு மாமா? அப்படியே வைக்கக் கூடாதா?" என்றாள் வள்ளி.

அண்ணாச்சி விளக்கினார். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் ஆடும். அது முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கும். முன்னால் தள்ளிய காற்று ஓரமாகச் சுற்றிப் பின்னால் போய்விடும். ஒன்றை ஒன்று அழித்துவிடும். தடித்த ஓசைதான் அதிகம் அழியும். அதனால் வெறும் ஸ்பீக்கர் தகர டப்பா போலக் கத்தும். பின்பக்கத்தை மூடிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மூடுகிற பொருள் கெட்டியாக இருக்க வேண்டும். அது ஆடக் கூடாது.

"கெட்டியான பொருள் விலை குறைச்சலா வேணும்னா, நம்ம தாராவியிலேயே இருக்கு. பானை" என்றார்.

தாராவியில் கும்பர்வாடா என்று ஒரு பகுதி உண்டு. குஜராத்தின் சௌராஷ்டிராப் பக்கத்திலிருந்து வந்த குயவர்கள் அங்கே வாழ்கிறார்கள். வீட்டு முற்றத்தில் பானை, விளக்கு, பூந்தொட்டி செய்து சூளையில் சுடுகிறார்கள். செல்லத்தாய் அங்கே போனார். ஸ்பீக்கரைக் கையில் கொண்டுபோய் அளவு காட்டினார். வாய் ஸ்பீக்கரை விடச் சற்றுச் சின்னதாக, பக்கம் தடிப்பாக இரண்டு பானை கேட்டார். ஒயர் போக ஒரு துளையும் கேட்டார். குயவர் சுடுவதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போதே துளை போட்டார். சுட்ட பிறகு துளைத்தால் பானை விரிசல் விடும். ஒரு வாரத்தில் பானைகள் கிடைத்தன. ஒன்று 80 ரூபாய்.

அண்ணாச்சி பானையின் விளிம்பில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வளையமாக ஒட்டினார். பானைக்குள் மூன்றில் ஒரு பங்கு பழைய பஞ்சு வைத்தார். பஞ்சு இல்லாவிட்டால் குடத்துக்குள் பேசுவது போல ஓசை முழங்கும். ஸ்பீக்கரை வாயில் வைத்துச் சுற்றிலும் பசையால் அடைத்தார். ஒயர் போகும் துளையையும் அடைத்தார். பிரிமணையின் மேல் பானையைச் சாய்த்து வைத்தார். ஸ்பீக்கர் ஆளைப் பார்த்து இருந்தது. பிரிமணை துணியால் சுற்றியது. ஆகவே அதிர்வு தரைக்குப் போகவில்லை.

சிவப்பும் கறுப்பும்

ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று கூட்டல். மற்றது கழித்தல். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே விதமாக இணைக்க வேண்டும். ஒன்றை மாற்றி இணைத்தால் ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். ஓசை மெலிந்துவிடும்.

பழைய ஸ்பீக்கரில் குறி அழிந்திருந்தது. அண்ணாச்சி ஒரு வழி காட்டினார். ஸ்பீக்கரை வேறு எதோடும் இணைக்காமல் தனியாக வைத்தார். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, இரண்டு ஒயரால் ஸ்பீக்கரின் முனைகளை ஒரு நொடி தொட்டார். கூம்பு வெளியே வந்தது. அப்போது பேட்டரியின் கூட்டல் பக்கம் எந்த முனையைத் தொட்டதோ, அதுதான் கூட்டல் முனை. வள்ளி அதில் சிவப்பு நூல் கட்டினாள்.

அடுத்தது ஆம்ப்ளிபயர். டிவியிலிருந்து வரும் சிறு ஒலியைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது அது. அண்ணாச்சி கையளவு ஆம்ப்ளிபயர் ஒன்று வாங்கினார். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும் வாங்கினார்.

செல்லத்தாய் மனக்கணக்குப் போட்டார். "பன்னிரண்டு ரெண்டு இருபத்து நாலு. 24 வாட்."

"சரியாச் சொன்னே. இந்த அறைக்கு இதுவே தாராளம்" என்றார் அண்ணாச்சி.

ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று போட்டிருந்தது. ஆம்ப்ளிபயரில் 4 முதல் 8 ஓம் என்று இருந்தது. ஆகவே இரண்டும் பொருந்தும். ஆம்ப்ளிபயர் சொல்லும் ஓமுக்குக் குறைவான ஸ்பீக்கரைப் போட்டால் ஆம்ப்ளிபயர் சூடாகிக் கெட்டுப் போகும்.

டிவியின் பின்னால் ஹெட்போன் துளை இருந்தது. அதிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு ஒயர் போனது. சில புது டிவிகளில் இந்தத் துளை இருக்காது. ஆகவே டிவியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

அண்ணாச்சி ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார். "டிவியைத் திறக்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்காம எந்த ஒயரையும் தொடாதீங்க. ஒயரை வாசல் குறுக்கே தரையில விடாதீங்க. மழை ஒழுகுற பக்கம் ப்ளக் வைக்காதீங்க." ஒயரைச் சுவர் ஓரமாக ஆணியடித்துக் கட்டினார்கள்.

ஒரு பானை டிவி பக்கத்தில் இருந்தது. மற்றதை மூக்கம்மாள் உட்காரும் இடத்திலிருந்து மூன்றடி தூரத்தில், அவர் காது உயரத்தில் வைத்தார்கள். மூலையில் வைக்கவில்லை. மூலையில் வைத்தால் தடித்த ஓசை கூடிவிடும்.

கிட்டே வைப்பதில் பெரிய லாபம் உண்டு. வெட்டவெளியில் தூரத்தைப் பாதியாக்கினால், வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். அறைக்குள் அவ்வளவு லாபம் இராது. ஆனாலும் நன்றாகத் தெரியும்.

டிவியைப் போட்டார்கள். செய்தி வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. மூக்கம்மாள் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்கூட விடவில்லை.

காதையும் பார்க்க வேண்டும்

போகும்போது அண்ணாச்சி, "அம்மா காதை டாக்டர்கிட்டக் காட்டுங்க. செட்டை நான் பார்த்துட்டேன். காதை அவங்கதான் பார்க்கணும்" என்றார்.

செல்லத்தாய் அத்தையை சயான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்தார்கள். காதில் எண்ணெய் ஊற்றக் கூடாது, ஊக்கும் குச்சியும் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பிறகு பாந்த்ராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் செவித்திறனைச் சோதித்தார்கள். பேச்சு, செவித்திறன் குறைந்தவர்களுக்காக நடுவண் அரசு நடத்தும் நிறுவனம் அது.

வயதாகும்போது மெல்லிய ஓசையைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது. மூக்கம்மாளுக்கும் அப்படித்தான். அவருக்குச் செவிக்கருவி நல்லது என்று சொன்னார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு நடுவண் அரசுத் திட்டத்தில் செவிக்கருவி உதவி உண்டு. முருகேசன் வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டிலும் காது உண்டு

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளப்பார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் காது கெடும். இப்படிக் கெட்ட காது திரும்ப வருவதில்லை.

ஒலி மாசு பற்றி நடுவண் அரசு 2000-ஆம் ஆண்டில் விதிகள் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம்.

மார்ச் மாதம் வள்ளிக்குத் தேர்வு வந்தது. அதே அறையில் பாட்டி செய்தி கேட்டார். டிவி பக்கத்துப் பானையின் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். பாட்டி பக்கத்துப் பானை மட்டும் மெதுவாகப் பேசியது. வள்ளி எதிர் மூலையில் படித்தாள். சவிதா தாய் அதன் பிறகு சுவரைத் தட்டவில்லை. ஒரு நாள் வந்து பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணு செய்து தர முடியுமா?" என்று கேட்டார்.

செல்லத்தாய் எழுதி வைத்த கணக்கு

ஆம்ப்ளிபயர்: 550 ரூபாய்
அடாப்டர்: 200 ரூபாய்
பானை இரண்டு: 160 ரூபாய்
ஸ்பீக்கர் ஒயர்: 90 ரூபாய்
டிவியிலிருந்து வரும் ஒயர்: 60 ரூபாய்
அண்ணாச்சி கூலி: 200 ரூபாய்
மொத்தம்: 1,260 ரூபாய்

பசையும் ட்யூபும் அண்ணாச்சி கடையிலேயே இருந்தன. 1,260 ரூபாயை இட்லி வியாபாரத்தில் இரண்டு மாதத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். குழுவில் இருந்த 10,000 ரூபாய் அப்படியே இருந்தது. தேர்வு முடிவு வந்ததும் வள்ளி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்க்கை மனுவில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் செல்லத்தாய் தன் பெயரை எழுதினார்.

நினைவில் வைக்க

1. சத்தம் கேட்கவில்லையா, சொல் விளங்கவில்லையா என்று முதலில் பாருங்கள்.
2. வீட்டில் உள்ள மற்ற ஓசைகளைக் குறையுங்கள்.
3. அதிரும் பொருள்களை அகற்றுங்கள். வெறுஞ்சுவரில் துணி தொங்கவிடுங்கள்.
4. ஸ்பீக்கரைக் கேட்பவர் பக்கத்தில், காது உயரத்தில் வையுங்கள்.
5. காசில்லாத வேலைகளை எல்லாம் முடித்த பிறகே காசைத் தொடுங்கள்.
6. பொருள் வாங்கும்போது பின்பக்கச் சீட்டைப் படியுங்கள்.
7. காது கேட்பது குறைந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. மூக்கம்மாள் வெள்ளச் செய்தி கேட்டபோது என்ன தொல்லை ஏற்பட்டது?
2. பெட்டியின் முன்பக்கம் எத்தனை வாட் என்று இருந்தது? பின்பக்கம் எத்தனை வாட் என்று இருந்தது?
3. பானைக்குள் பஞ்சு வைத்தது ஏன்?
4. ஸ்பீக்கரின் கூட்டல் முனையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கணக்குப் போடுங்கள்

1. ஒரு அடாப்டரில் 9 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது. அது எத்தனை வாட்?
2. ஒரு பொருளின் விலை 6,000 ரூபாய். தவணையில் முன்பணம் 1,000 ரூபாய். மாதம் 700 ரூபாய் வீதம் எட்டு மாதம் கட்ட வேண்டும். எவ்வளவு கூடுதலாகக் கட்டுகிறோம்?
3. தவணைக்குப் பெட்டி வாங்கியிருந்தால் 10,500 ரூபாய். பானை ஸ்பீக்கருக்கு 1,260 ரூபாய். மீதமான பணம் எவ்வளவு?

கலந்து பேசுங்கள்

உங்கள் வீட்டில் டிவி அல்லது ரேடியோ எங்கே இருக்கிறது? அதைச் சுற்றி அதிரும் பொருள் என்ன இருக்கிறது? உங்கள் தெருவில் இரவு பத்து மணிக்குப் பிறகு சத்தத்தால் தொல்லைப்படுபவர்கள் யார்? அதற்கு என்ன செய்யலாம்?